நீ கோட்டில் சொன்ன பெயர்

மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். உன் அம்மா போன பிறகு அந்த 'நாங்கள்' இல்லை. நான் சுகம். அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். எனக்கு விசா கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கொழும்புக்குக் கப்பலேற அனுமதி எடுப்பதற்குள் உன் கலியாணம் முடிந்திருக்கும். மண்டபத்தில் வாசிப்பதற்கு அப்பாவின் ஆசியாக நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னாய். அதை வேறு தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன், அதை எல்லாருக்கும் வாசிக்கலாம். இது உனக்கு. நீ கட்டப்போகிற பிள்ளையும் இதை வாசிக்கட்டும். அதற்குப் பிறகு யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் இருவரின் விருப்பம்.

போன கிழமை நீ தொலைபேசியில், அந்த விசயம் முடிந்துவிட்டதுதானே என்று கேட்டாய். ஓம், முடிந்தது என்றேன். தொலைபேசிக் கடையில் எனக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். நீயும் மண்டபத்துக்கு அவசரமாகப் போகவேண்டும் என்றாய். அந்த 'ஓம்' பொய் இல்லை, ஆனால் அதற்குள் அடங்காதவை சில இருக்கின்றன. அவற்றை நீ தெரிந்துகொண்டுதான் மாலை மாற்றவேண்டும் என்று நினைத்தேன்.

கொழும்புக்குப் போகிற பாதையை மூடியதற்கு அடுத்த வருசம், ஒரு மத்தியானம் எங்கள் முன்வீட்டு அண்ணை வந்தார். கடலுக்குப் போகிற மனுசன் அந்த நேரம் வீட்டில் நித்திரையாக இருப்பார். சேட்டுப் போட்டுக்கொண்டு வந்ததைக் கண்டதும் ஏதோ கடிதம் நிரப்ப வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் கோட்டில், நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் ஊரில் என்னை இன்னும் முதலியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், எந்த ஆங்கிலக் கடதாசி வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அவர் கையில் கடதாசி ஒன்றும் இல்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தார். லண்டனில் இருக்கிற அவருடைய மருமகன், எங்கள் கோயிலின் படம் பார்ப்பதற்காக கொம்பியூட்டரில் ஊரின் பெயரை அடித்தபோது ஒரு கோட்டுத் தீர்ப்பு வந்ததாம். கனடாக் கோடு. அதில் மாமனாரின் பெயர் இருந்ததாம். மகள் தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னதில் அவருக்குப் பாதிதான் விளங்கியிருந்தது.

"உங்கடை மகன் அங்கத்தைக் கோட்டிலை என்ரை பேரைச் சொன்னவராம் முதலியார். என்னத்துக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. உன் அகதி வழக்கு முதலில் தோற்று, பிறகு மேல்கோட்டில் வென்றது என்பதைத் தவிர நீ எனக்கு ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். மண்கும்பானுக்கு அங்காலே படைக்காரர் எங்களை இறக்கி, நடக்கவைத்து, பையைக் கிண்டி, திரும்ப ஏற்றினார்கள். இன்ரநெற் கடையில் இருந்த பிள்ளையிடம் உன் கடவுச்சீட்டில் இருக்கிறபடி உன் பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சொன்னேன். அவள் அடித்தாள். முதலாவதாக அதுதான் வந்தது. உன் பெயர், அதற்கு எதிரே எதிர்மனுதாரராக அந்த நாட்டு அமைச்சர். சட்டம் படிக்கிறவர்களுக்காக தீர்ப்புகளைச் சேர்த்து வைக்கிற ஒரு தளம். யாரும் பார்க்கலாம், காசு இல்லை, சாவி இல்லை. நான் வேலைசெய்த காலத்தில் ஒரு வழக்குக் கோப்பைப் பார்க்கவேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதி, முத்திரை ஒட்டி, பதிவாளரின் மேசைக்கு முன் நிற்கவேண்டும். உன்னுடையதைத் திறக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு தட்டு போதுமாக இருந்தது. தான் வாசிக்கக்கூடாது என்று அவளுக்கு எப்படியோ விளங்கியிருக்கவேண்டும், எழும்பி வாசலடிக்குப் போய்விட்டாள்.

உன்னைப் படைமுகாமில் வைத்திருந்தபோது என்ன செய்தார்கள் என்பது ஒரு பந்தியில் இருந்தது. நல்ல ஆங்கிலம். மேலதிகமாக ஒரு சொல் இல்லை. உள்ளங்காலில் எதனால் அடித்தார்கள், தலையை எதற்குள் போட்டார்கள் என்று எழுதியிருந்தது. நான் அதை ஒருமுறை வாசித்தேன், பிறகு அடுத்த பந்தியை வாசித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு காலத்தில் எனக்கு முன்னால் சாட்சிக்கூண்டில் நின்ற யாரோ ஒருவரின் வாக்குமூலம் போல இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அப்படியேதான் இருக்கிறது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருப்பதைத்தானே எழுதவேண்டும்.

அடுத்த பந்தியில் அவர் இருந்தார். முழுப்பெயர், தொழில் மீன்பிடி, வீடு கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில். தடுத்துவைக்கப்பட்ட மூன்றாம் நாள், இந்த அயலவர் முகாமுக்குள் அதிகாரியோடு நின்று பேசுவதை மனுதாரர் கண்டார். தன்னைக் காட்டிக்கொடுத்தவர் அவரே என மனுதாரர் நம்புகிறார். திரும்பிப் போனால் அவர் மீண்டும் காட்டிக்கொடுப்பார் என அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருப்பதாக நீதிபதி கருதியிருந்தார். உன் வழக்கு வென்ற இடம் அதுதான்.

அந்த மூன்றாம் நாளை உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் நீ கண்டாய். வெளிப்பக்கத்தை நான் சொல்கிறேன். முதல் நாள் நானும் அம்மாவும் வாசலுக்குப் போனோம், திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். எனக்கு மூன்று பாஷை தெரியும், வாசலில் நின்றவனோடு அவனுடைய பாஷையில்தான் கதைத்தேன், ஆனாலும் உள்ளே விடவில்லை. முன்வீட்டு அண்ணை முகாமுக்கு மீன் கொடுக்கிறவர். கடலுக்குப் போகப் பாஸ் வேண்டுமென்றால் கொடுக்காமல் இருக்க ஏலாது, அவரைப்போல இன்னும் எத்தனையோ பேர் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் எங்கள் கோயில் பாதரையும் கூட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார். நீ கண்டது அப்போதுதான். இந்தப் பிள்ளை ஓடினால் என்னைப் பிடியுங்கள் என்று சொல்லி, தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, உன்னைச் சைக்கிள் பாரில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். ஏழு மாதத்தில் நீ ஓடினாய். ஓடச் சொன்னது நான், படகு ஒழுங்குசெய்தது அவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் அவர் முகாம் வாசலில் போய் நிற்கவேண்டியிருந்தது. எவ்வளவு காலம் நின்றார், உள்ளே என்ன கேட்டார்கள் என்று அவர் எங்களுக்குச் சொன்னதில்லை.

தீர்ப்பைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய மனுசியும் வந்து குசினி வாசலில் நின்றார். வாசியுங்கோ என்றார் அவர். முப்பது வருசம் செய்த வேலை. சாட்சி சொன்னதைக் கூட்டாமல், குறைக்காமல், முகத்தைப் பார்க்காமல் சொல்வதுதான் எங்களுக்குப் பழக்கியது. அப்படியே சொன்னேன். உன்னை மனுதாரர் என்றேன், அவரை அயலவர் என்றேன், பெயர் வந்த இடத்தில் பெயரைச் சொன்னேன். முகாமில் உனக்கு நடந்ததைச் சொல்கிற பந்தியை மட்டும் விட்டேன். என் தொழிலில் நான் விட்ட முதல் பந்தி அது.

சொல்லி முடித்தேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பாதர் வந்தது இதில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்து வைத்தது? அதுவும் இல்லை என்றேன். பிறகு, "தம்பியின்ரை காலைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டார்.

நான் தாளை மடித்தேன். அவர்தான் சொன்னார். அன்றைக்கு உன்னை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவராமல் தன் கிணற்றடிக்குக் கொண்டுபோனாராம். தாய் காணக்கூடாது என்று நீ கெஞ்சினாயாம். கழுவி, மருந்து கட்டி, தன்னுடைய சாரத்தை உடுத்திவிட்டுத்தான் எங்களிடம் தந்திருக்கிறார். விழுந்துவிட்டாய் என்று அவர் சொன்னதை அம்மா சாகும்வரை நம்பினாள், நானும் நம்பினேன்.

"அந்த நேரம் தம்பிக்கு வேறை பேர் ஒண்டும் வாயிலை வரேல்லைப்போலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மனுசிதான் மிச்சத்தைச் சொன்னார். பெயரை எடுக்கச் சொல்லுங்கோ என்றார். அந்த நாட்கள் உனக்குத் தெரியாது. நம்பர்த் தகடு இல்லாத மோட்டார்சைக்கிளில் வந்து வீட்டுப் படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வெளியே வந்தவரைச் சுட்டார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யாரும் கேட்கவில்லை. முகாமோடு கதைத்தவன் என்பது ஒரு பக்கத்துக்குக் காரணம், முகாமைப் பற்றி வெளிநாட்டுக் கோட்டில் எழுதப்பட்டவன் என்பது மற்றப் பக்கத்துக்குக் காரணம். அவருடைய பெயரும் ஒழுங்கையும் கனடாக் கோட்டின் முத்திரையோடு உலகத்துக்கே திறந்து கிடந்தன.

அன்றைக்குத் தொலைபேசிக் கடையிலிருந்து உனக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவரை முகாமுக்குள் கண்டது பொய் இல்லை என்றாய். எனக்குத் தெரியும். கண்டது உண்மை, எதற்காக வந்தார் என்பதை நீ சொல்லவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றாய், தெரியாது என்று சொன்னதால்தான் முதல் தரம் தோற்றது என்றாய். அதையும் நான் நம்புகிறேன். 'தெரியாது' என்ற பதிலை எந்தக் கோடும் விரும்புவதில்லை. அந்தச் சொல்லை மொழிபெயர்த்துவிட்டு நீதிபதியின் முகத்தைப் பார்த்தவன் நான். பயந்த பிள்ளை அந்த இடத்தில் ஒரு பெயரைத் தேடும். அதற்காக உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

"அப்பா, குடியுரிமைக்குப் போட்டிருக்கிறன். இப்ப கோட்டுக்கு எழுதினா எல்லாத்தையும் திரும்பக் கிண்டுவாங்கள். ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுங்கோ."

"அவர் உனக்காகக் கையெழுத்து வைச்ச மனுசன், தம்பி" என்றேன். "அவருக்கு ஒரு வருசம் இருக்கோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

நீ தொடர்பைத் துண்டித்துவிட்டாய். இரண்டு நாள் கழித்து நீயே எடுத்து, உன் வழக்கைப் பேசிய அப்புக்காத்திடம் போய்விட்டு வந்ததாகச் சொன்னாய். நீ பழகுகிற பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னதாகவும், அவள்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனதாகவும் சொன்னாய். அந்த இரண்டு நாளும் உனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் போனாய். அதை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ துண்டுதுண்டாகச் சொன்னாய். தளத்துக்காரர் கோடு தருவதைத்தான் போடுகிறோம், கோட்டிடம் கேளுங்கள் என்றார்கள். அப்புக்காத்து கோட்டுக்கு மனுப் போட்டார். பெயர்களுக்குப் பதிலாக ஒவ்வொரு எழுத்துப் போடவும், ஊரின் பெயரை எடுக்கவும் நீதிபதி கட்டளை போட்டார். தளத்தில் மாற்றினார்கள். மாற்றிய பிறகும், தேடினால் அந்த இணைப்புக்குக் கீழே பழைய வரிகள் இரண்டு அப்படியே வந்தன. தீர்ப்பை யாரோ இன்னொரு தளத்தில் படியெடுத்தும் போட்டிருந்தார்கள். நீ கட்டப்போகிற பிள்ளை ஒவ்வொருவருக்கும் எழுதினாள். பதில் வராதபோது திரும்ப எழுதினாள். நான் இங்கே மாதத்துக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய் அவருடைய பெயரை அடித்துப் பார்த்தேன். எங்களுடைய ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எனக்குத் தெரியும், எல்லா விதத்திலும் அடித்தேன். எங்காவது ஒன்றில் வந்துகொண்டே இருந்தது. ஊருக்குத் திரும்பினால் அவர் ஒழுங்கை முகப்பில் நிற்பார். இன்னும் இருக்கு அண்ணை என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

இனி வருவதைத்தான் நான் உனக்குச் சொல்லாமல் விட்டேன். அந்த மாதங்களில் அவர் கடலுக்குப் போவதைக் குறைத்தார். விடியப்புறம் தனியே சந்தியைத் தாண்டிப் போகவேண்டும் என்பதால் போவதில்லை. பகலில் பின்வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருப்பார். ஒருநாள் காலை ஒன்பது, பத்து மணி இருக்கும், இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து அவருடைய படலையில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் என் வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்ப நினைத்தேன், எழும்பவில்லை. மனுசி வெளியே வந்து அவர் இல்லை என்று சொன்னார். அவர்கள் படகு எஞ்சின் ஒன்று விற்பனைக்கு இருக்கிறதா என்று கேட்டு வந்த வேலணைப் பொடியள். கொஞ்சம் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர் அதற்குள் பின்மதிலால் குதித்திருந்தார். அறுபத்துநாலு வயது. மதிலுக்கு அங்கால் இடிந்த வீட்டின் கல்லுக் குவியல். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வைத்தியம் செய்தார்கள், ஆனால் எலும்பு சரியாகப் பொருந்தவில்லை. இப்போது அந்தக் கையால் தேத்தண்ணிக் கோப்பை தூக்கலாம், வலை இழுக்க ஏலாது. படகைத் தன் தம்பியின் மகனுக்குக் கொடுத்துவிட்டார். ஆக, யாரும் அவரைத் தேடி வரவில்லை. யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் கடலுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

கடைசித் தடவை நான் போய் அடித்துப் பார்த்தபோது ஒரு விதத்திலும் ஒன்றும் வரவில்லை. இன்ரநெற் கடைப் பிள்ளை இன்னொரு முறை அடித்துப் பார்க்கவா என்று கேட்டாள். பார்த்தோம். இல்லை. வந்து அவரிடம் சொன்னேன். கதையும் போய்விட்டதா என்று கேட்டார். கதை இருக்கிறது, உங்கள் பெயர் இருந்த இடத்தில் ஓர் எழுத்து இருக்கிறது என்றேன். கதை கிடக்கட்டும் என்றார். எனக்கு அது கிடக்கட்டும் என்று விட முடியவில்லை. தீர்ப்பில் அந்த மனுசன் இன்னும் காட்டிக்கொடுத்தவர்தான். அவர் உண்மையில் செய்ததோ உலகத்தில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. சமாதான நீதவானுக்கு முன்னால் சத்தியக்கடதாசி முடித்துத் தருகிறேன், பாதரும் சாட்சி வைப்பார், விரும்பினால் கோயில் மலரிலும் போடலாம் என்றேன்.

"நல்லதுக்கும் வேண்டாம் முதலியார்" என்றார். "என்ரை பேர் ஒரு இடத்திலையும் வேண்டாம்."

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதியும் அவருடைய பெயரை நான் இதில் எழுதவில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு விருப்பமில்லை. கலியாணம் கட்டப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது சொல்லவேண்டும் என்பதால் ஒன்று சொல்கிறேன். உன் வாழ்க்கையின் மிக மோசமான பகுதியை உன் பெண் கோட்டுக் கடதாசியில் வாசிக்கவில்லை, உன் வாயால்தான் கேட்டாள். எனக்கு அப்படிக் கிடைக்கவில்லை. நீ எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று குறையாக எழுதவில்லை. நானும் கேட்டிருக்கலாம். இனியும் அவளுக்கு அப்படியே சொல்லிக்கொண்டிரு. வீட்டில் பேசாமல் விட்டதை வெளியே யாரோ எழுதி வைப்பார்கள் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது.

இந்த ஒரு வருசத்துக்கு மேலாக நீ என்னிடம் எத்தனையோ முறை முடிந்துவிட்டதா என்று கேட்டாய். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதில்லை. வெட்கத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். போன ஞாயிறு கோயிலால் வரும்போது அவர் என்னிடம் உன் கலியாணத் திகதியைத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். அன்றைக்குக் காலைப் பூசையை உனக்காக ஒப்புக்கொடுக்கப் பாதரிடம் சொல்லிவிட்டாராம். உன்னுடைய முழுப்பெயரையும் பெண்ணின் பெயரையும் துண்டில் எழுதித் தரச் சொன்னார். பாதர் சபைக்கு முன்னால் வாசிக்கும்போது பிழைவிடக் கூடாதாம். எழுதிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கலியாணத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் அவரைத் தொலைபேசிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். நீ எடு. நான் வெளியே நிற்பேன். அவர் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். நீதான் சொல்லவேண்டும்.

அப்பா